மாநகராட்சிப் பேரேடுகளில் நம் வரலாறு

தமிழ்ச் சமணர் வரலாறு என்றவுடன் நம் நினைவு கல்லை நோக்கியே செல்கிறது. கழுகுமலை, திருமலை, சித்தன்னவாசல், திருப்பருத்திக்குன்றம் எனப் பாறையும் கோயிலும் வரிசையாக வந்து நிற்கின்றன. இதில் வியப்பில்லை. நம் முன்னோர் கல்லை நம்பினர். கல்லும் அவர்களைக் கைவிடவில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தை எழுப்பியவர் விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் என்று இன்றும் நாம் சொல்ல முடிவதற்கு, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெட்டப்பட்ட சில வரிகளே காரணம்.

ஆயினும், இருகப்பர் போன்ற பெரியோரின் கல்வெட்டைக் காட்டிலும் கழுகுமலைக் கல்வெட்டுகளையே நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கே வட்டெழுத்தில் நூறு அளவில் சிறுசிறு கல்வெட்டுகள் உள்ளன. தீர்த்தங்கரர் திருவுருவம் ஒவ்வொன்றின் கீழும் அதனைச் செய்வித்தவர் பெயரும் அவர்தம் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் தச்சர் உண்டு, குயவர் உண்டு, கொல்லர் உண்டு. மாணாக்கரைப் பயிற்றுவித்த குரத்தியர் பலர் உண்டு. அரசர் பெயரும் அமைச்சர் பெயரும் எங்கேனும் ஓரிடத்தில் தப்பிப் பிழைத்துவிடும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குயவர் பெயர் பிழைத்திருப்பதுதான் அரிது.

அந்தக் குயவருக்குக் கிடைத்த பேறு நம் பாட்டனார்க்குக் கிடைத்ததா என்று எண்ணிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுக்குப் பின் நம்மவர் கல்லில் எழுதியது குறைவு. ஓலைச்சுவடிகளில் நூல் இருந்தது. குடும்பக் கணக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். படிக்கச் சென்றவர் சிலர், ஆசிரியர் வேலைக்கோ எழுத்தர் வேலைக்கோ சென்றவர் சிலர். வயலை விட்டு வாடகை வீட்டிற்குச் சென்ற அந்தத் தலைமுறையைப் பற்றி எந்தப் பாறையும் பேசாது. ஊர்ப்பெரியவர் வாய்மொழியும் இரண்டு தலைமுறைக்கு மேல் நீள்வதில்லை.

அவர்களைப் பற்றிய எழுத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. நகராட்சி அலுவலகங்களின் பேரேடுகளில் இருக்கிறது. வீட்டுவரிக் கேட்புப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, மன்ற நடவடிக்கைக் குறிப்பு, கட்டட வரைபட அனுமதி, தெருவிளக்குக் கணக்கு என்று யாரும் விரும்பிப் படிக்காத ஏடுகள் அவை. தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு முதற்பார்வையில் அவை பாலை நிலமாகத் தோன்றும். சில நாள் பழகினால் போதும், பேசத் தொடங்கிவிடும்.

ஊராட்சிக் கணக்கை எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற்பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்ததையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகளைப் பிரித்ததையும் அவை விரிவாகக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடலாகாது என்ற விதியைப் படிக்கும்போது, இன்றைய நிலையை நினைத்து ஒரு பெருமூச்சு எழாமல் இராது. அது நிற்க.

சென்னையை எடுத்துக்கொள்வோம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிற்கு இன்று ஏதேனும் ஒரு வகையில் தொடர்புள்ள நகரம் அதுதான். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. அதற்குரிய பட்டயம் 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்டது. அப்போது கோட்டையின் ஆளுநர் எலிகு யேல். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். மேயருக்குத் துணையாகப் பன்னிரண்டு ஆல்டர்மேன்களும் அறுபது பர்கெசுகளும் அமைந்தனர். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு போர்த்துக்கீசிய வணிகரும் நம் நாட்டு வணிகரும் இருந்தனர். சின்ன வேங்கடாத்திரி, ஆலங்காத்தா பிள்ளை ஆகியோர் பெயர்களை அப்பட்டியலில் காண்கிறோம்.

இந்த அமைப்பை ஏன் ஏற்படுத்தினார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது. மக்களாட்சி மீது கும்பினிக்குத் திடீரென்று காதல் பிறந்துவிடவில்லை. 1686இல் கறுப்பர் நகரத்து மக்களிடம் வீட்டுவரி தண்ட முயன்றபோது, அவர்கள் கடைகளை அடைத்து எதிர்த்தனர். இலண்டனிலிருந்த கும்பினித் தலைவர் சர் ஜோசையா சைல்டு கணக்கில் வல்லவர். தம்மவரே கூடி விதித்தால் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து கொடுக்கும் மக்கள், மேலிருந்து ஆணையிட்டால் ஆறு பென்சு கொடுக்கவும் முகம் சுளிப்பார்கள் என்று அவர் கருதினார். ஆகவே வரி விதிக்கும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைக்க ஒரு மன்றம் பிறந்தது. மக்கள் அதற்கும் எளிதில் மசியவில்லை என்பது தனிக்கதை.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வரி விதிக்க வேண்டுமானால் வீட்டை எண்ண வேண்டும். வீட்டை எண்ணத் தெருவுக்குப் பெயர் வேண்டும். வீட்டுக்குரியவர் பெயர், அவர் தந்தை பெயர், வீட்டின் மதிப்பு எல்லாம் எழுதப்பட வேண்டும். நம் கோயில் நிலங்களைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்று குறிக்கும். வரி நீக்கப்பட்டதனால் கல்லில் ஏறிய நிலங்கள் அவை. நகரத்தில் வரி விதிக்கப்பட்டதனால் மனிதர்கள் தாளில் ஏறினார்கள்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் சென்னையை எட்டு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு நால்வராக முப்பத்திரண்டு ஆணையர்களை அமைத்தது. 1878இல் அவர்களில் பாதிப்பேர் தேர்தல் வழி வந்தனர். 1884இல் அது இருபத்து நான்காயிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் மன்ற உறுப்பினர் ஐம்பதின்மர் ஆயினர். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பேரேடுகளில் தேட இறங்குவோர்க்கு வட்டப் பிரிவினை மிக இன்றியமையாதது. ஏனெனில் பழைய பதிவுகள் வட்டவாரியாகக் கட்டப்பட்டவை. உங்கள் பாட்டனார் எந்தத் தெருவில் வாழ்ந்தார் என்பது தெரிந்தால் மட்டும் போதாது. அத்தெரு அந்த ஆண்டில் எந்த வட்டத்தில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். எல்லைகள் அவ்வப்போது மாறின. 1871இல் 3,97,552 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 5,09,346 ஆக உயர்ந்த நகரம் அல்லவா?

அலுவலகமும் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிவந்த மாநகராட்சி, 1913இல் ரிப்பன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவில் அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார் என்னும் ஒப்பந்தக்காரர். வீடு மாறும்போது நம் வீட்டிலேயே சில பாத்திரங்கள் காணாமற்போகின்றன. ஓர் ஊரின் கணக்கே வண்டியேறி மாறும்போது என்னென்ன நேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மாநகராட்சிக்கும் அரசுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும், உள்ளாட்சித் துறை ஆணைகளும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே செய்திக்கு இரண்டு இடங்களில் சான்று இருப்பது ஆய்வாளர்க்கு நல்லூழ். ஓரிடத்தில் கறையான் தின்றதை மற்றோரிடத்தில் படிக்கலாம்.

சென்னையில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்போர் அதனை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரப் பகுதியில் கலெக்டர் சர்டிபிகேட் எண், பழைய சர்வே எண், மறு சர்வே எண் என்று வரிசையாக எண்கள் இருக்கும். பழைய கதவு எண், புதிய கதவு எண் என இரண்டு இருக்கும். அளவு கிரவுண்டுக் கணக்கில் இருக்கும்; ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பத்திரம் எழுதுவோர் வாயில் இவை மந்திரம்போல் ஓடும். நாமும் பொருள் வினவாமல் கையெழுத்திட்டு விடுகிறோம். உண்மையில் அந்த எண் ஒவ்வொன்றும் அந்த மண்ணை ஒரு தலைமுறை அளந்ததற்குச் சான்று. கல்வெட்டில் ஒரே தூணில் வேறுவேறு நூற்றாண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது போன்றது அது. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், வீடு தோட்டமாக இருந்த காலத்துக்கே போய்ச் சேரலாம். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்க்காகச் சுங்குராமரின் தோட்டத்தில் அமைக்கப்பட்ட குடியிருப்பு என்ற செய்தியை வரலாற்று நூலில் படிக்கிறோம். அங்கே வீடு வைத்திருப்பவர் அதனைத் தம் கூடத்துக்கு அடியிலேயே படிக்கலாம்.

தெருப்பெயர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தமிழாசிரியனுக்கு நிறுத்தத் தெரியாது. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆர்மேனிய வணிகர் வாழ்ந்த ஆர்மேனியன் தெருவை நம் மக்கள் அரண்மனைக்காரத் தெரு ஆக்கினர். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. செவி கேட்டதை நாவு தனக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டது. ஹாமில்டன் பாலத்தின் கதை அதனினும் வேடிக்கையானது. ஹாமில்டன் என்பது அம்பட்டன் வாராவதி ஆயிற்று. அதனைக் கேட்ட ஆங்கிலேயர், பெயருக்குப் பொருள் இதுதான் போலும் என்று தம் மொழியில் நாவிதர் பாலம் என்று பெயர்த்து வைத்துக்கொண்டனர். இன்று அது அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பாலம், நான்கு பெயர்கள். தேடுவோர் எந்த ஆண்டில் எந்தப் பெயர் வழங்கியது என்பதை அறியாவிடில் கால்வாயில் விழ வேண்டியதுதான்.

1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணையிட்டது. அதன் நோக்கம் போற்றத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெயர்ப்பலகையில் நீங்கியது பழைய ஏட்டில் நீங்கலாகாது. ஒரு தெருவுக்குப் பெயர் தந்தவர் யார், எத்தொழிலினர் என்பதைக் காட்டிய சொல் போன பின், அதை மீட்க மன்றத் தீர்மான நூல் ஒன்றே வழி.

மன்றத் தீர்மானங்களைப் பற்றிச் சொல்லும்போது, ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு ஒரு தீர்மானம் தனித்து நிற்கிறது. 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் கூடியது. அதன் தலைவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க அன்று ஒப்புதல் அளிக்கப்பட்டது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. பிள்ளைகள் வறியவர்கள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்பதே கூறப்பட்ட காரணம். பின்பு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்யலாகாது என அரசு தடை சொன்னதால் 1925இல் நின்றுபோயிற்று. நாடறிந்த மதிய உணவுத் திட்டத்தின் முதல் விதை இந்த ஓரணாத் தீர்மானம் என்பதை இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கின்றனர். அதை நமக்குக் காத்துத் தந்தது காப்பியம் அன்று, மெய்க்கீர்த்தி அன்று. ஒரு நடவடிக்கைக் குறிப்பு. ஆகார தானத்தை நால்வகைத் தானங்களுள் வைத்துப் போற்றும் நமக்கு அந்தப் பக்கம் கல்வெட்டுக்குக் குறைந்ததன்று.

இனி நம்மவரைத் தேடுவோம்.

பதிவேட்டில் சமயம் அல்லது சாதி என்ற கட்டத்தைப் பார்த்து எண்ணிவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு எண்ணினால் நாம் பெரும்பாலும் காணாமற்போவோம். சென்னையில் சமணர் என்று குறிக்கப்பட்டவர்களில் சௌகார்ப்பேட்டை வணிகர்களான குசராத்தியரும் மார்வாரியரும் மிகுதி. தமிழ்ச் சமணரோ முதலியார், செட்டியார், உடையார், நயினார் என்ற பட்டப்பெயர்களோடு, தமிழ் பேசிக்கொண்டு, தமிழர் தெருவில் வாழ்ந்தவர்கள். வாயிலில் நின்று கேட்ட எழுத்தர் அவர்களை வேறெவ்வாறு எழுதுவார்?

எங்கள் குடும்பம் வாழ்ந்த நகராட்சி ஒன்றின் பதிவேடுகளை, உரிய இசைவு பெற்றுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் பாட்டனார்க்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தாள் என்பதும், சிறு வயதிலேயே இறந்தாள் என்பதும் மட்டுமே வீட்டில் வழங்கிய செய்தி. என் தந்தையாருக்கே தம் தமக்கையின் பெயர் தெரியாது. 1915ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் அவள் இருக்கிறாள். பெண் என்று மட்டுமே குறித்திருக்கிறது, பெயரில்லை. அக்காலத்தில் பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவார்கள். தந்தை பெயர் சரியாக இருக்கிறது, நயினார் என்ற பட்டமும் இருக்கிறது, சமயம் ஜைனர். 1918 அக்டோபர் மாத இறப்புப் பதிவில் மீண்டும் வருகிறாள். வயது மூன்று. நோய் காய்ச்சல். அங்கே அவளுக்குப் பெயர் இருக்கிறது: ராசமதி. ஆனால் தந்தையாரின் பட்டம் நாயக்கர் என்றும், சமயம் இந்து என்றும் மாறியிருக்கின்றன. 1921இல் என் தந்தையாரின் பிறப்புப் பதிவில் சாதி வேளாளர் என்று காணப்படுகிறது. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஆறு ஆண்டுகள், மூன்று பதிவுகளில் மூன்று சமூகம்.

எழுத்தரை நான் குறை கூறவில்லை. 1918இன் பிற்பகுதி எத்தகைய காலம் என்பது அப்பக்கங்களைப் புரட்டினால்தான் தெரியும். உலகெங்கும் பரவிய இன்புளூயன்சாக் காய்ச்சல் நம் மாகாணத்தையும் உலுக்கிய மாதங்கள் அவை. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நான்கு, ஐந்து பதிவுகள். கையெழுத்து வரவரச் சிதைகிறது. நோய் என்ற கட்டத்தில் மேலே எழுதிய காய்ச்சல் என்ற சொல்லுக்குக் கீழே, மேற்படி, மேற்படி என்று பக்கம் முடியும் வரை செல்கிறது.

அந்த வரியில் என்னை நிறுத்திவைத்தது சமயக் கட்டம் அன்று. செய்தி தெரிவித்தவர் என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. பொதுவாகத் தந்தையோ மாமனோ இருப்பர். ராசமதியின் இறப்பை அலுவலகத்தில் தெரிவித்தவர் அடுத்த வீட்டுக்காரர், முகம்மதியர், தொழில் தையல். என் பாட்டனாரும் பாட்டியும் அப்போது படுக்கையில் கிடந்திருப்பார்கள் என்று கருதுகிறேன். சுற்றம் எல்லாம் ஊரில். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல அன்று எழுந்து நடக்கக்கூடியவர் அவர் ஒருவரே போலும். பட்டத்தையும் சமயத்தையும் அவர் தமக்குத் தெரிந்தவாறு சொல்லியிருப்பார். குழந்தையின் பெயரை மட்டும் பிழையின்றிச் சொல்லியிருக்கிறார். நேமிநாதர் வரலாறு அறிந்த நமக்கு ராசமதி என்ற பெயர் பழகியது. அவருக்கு அது எவ்வளவு புதிய பெயராக இருந்திருக்க வேண்டும்! வேலிக்கு அப்பாலிருந்து நாள்தோறும் கேட்டிராவிட்டால் அந்தப் பெயர் அவர் வாயில் வந்திராது.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு தேடும் முறை எனக்குக் கிடைத்தது. சமயக் கட்டத்தை விட்டுவிட்டுப் பெயர்க் கட்டத்தைப் படிக்க வேண்டும். அப்பாண்டைராசன் என்றொரு பெயர் வந்தால், பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் நம்மவர். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை வேண்டிப் பெயரிடுவோர் வேறு யார்? விருஷபதாஸ், தன்யகுமார், ஜினதாஸ், ஸ்ரீபால், சமுத்திரவிசயன், மருதேவி என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள், கட்டம் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கின்றன. இந்தப் பெயர்கள் இன்று நம் குழந்தைகளுக்கு அருகி வருகின்றன என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. நூறாண்டு கழித்துத் தேடுபவன் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவான்?

எழுத்துக்கூட்டலில் எச்சரிக்கை வேண்டும். பழைய ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நயினார் என்பதை நைனார், நயனார், நாயினார், நைனர் எனப் படிக்குமாறு பலவகையாக எழுதியிருப்பர். ஊர்ப்பெயர்களும் அப்படியே. காஞ்சிபுரம் அங்கே கஞ்சீவரமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதிச் சிக்கல் தீரும். கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவது நலம்.

வரிப் பேரேட்டுக்கும் ஒரு குறை உண்டு. அது வீட்டுக்குரியவரைத்தான் எழுதும், குடியிருந்தவரை எழுதாது. நகரத்துக்கு வந்த நம்மவரில் மிகப்பலர் வாடகைக்கு இருந்தவர்கள். எனவே வரிப் பேரேட்டில் இல்லாதவரைப் பிறப்பு இறப்புப் பதிவிலும், சொத்தோ வரியோ அடிப்படையாகக் கொண்டு பிற்காலத்தில் வெளிவந்த வாக்காளர் பட்டியல்களிலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளிலும் தேட வேண்டியிருக்கும்.

சென்னை ஒன்றே களம் அன்று. காஞ்சிபுரம், கும்பகோணம், வேலூர், கடலூர் ஆகிய ஊர்களில் 1866இல் நகராட்சி தொடங்கியது. கும்பகோணத்தை நினைத்தால் எனக்கு வேறோர் ஆர்வம் எழுகிறது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், அங்கு வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டதை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. தமிழ் உலகம் மறவாத அந்த நண்பர்கள் அந்த நகராட்சிக்கு உட்பட்ட ஒரு தெருவில், ஒரு கதவு எண்ணுள்ள வீட்டில் வாழ்ந்தவர்கள். ஐயர் ஏறி இறங்கிய திண்ணை எது என்று அடையாளம் காண நம் இளைஞர் ஒருவர் முன்வந்தால், அது முனைவர் பட்டத்துக்குரிய பணி.

ஆண்டுதோறும் மகாவீரர் பிறந்தநாளை ஒட்டி, இறைச்சிக் கூடங்களையும் கடைகளையும் மூட வேண்டும் என்று மாநகராட்சி வெளியிடும் அறிவிப்பை நாளிதழ்களில் காண்கிறோம். நாலு வரி. படித்துவிட்டு மகிழ்கிறோம். இத்தகைய ஆணை எதுவும் தானே பிறப்பதில்லை. விண்ணப்பம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். அதன்மேல் குறிப்பெழுதிய அலுவலர் இருப்பார். மன்றத்தில் ஆதரித்தவரும் மறுத்தவரும் இருப்பர். உயிர்ப்பலியை நிறுத்த ஊரூராக அலைந்த ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் போன்றோரின் உழைப்புக்குப் பயனாக, கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950இல் இம்மாகாணத்தில் வந்தது. 2004இல் நீக்கப்படும் வரை அது சட்டநூலில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஊர்தோறும் நடந்த விண்ணப்பப் போர் கோப்புகளில் இருக்கிறது. கோப்புகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. வைத்துக்காக்கும் காலம் முடிந்தவற்றை அழித்துவிட விதியும் உண்டு.

2014 சனவரியில் நடுவணரசு சமணரைச் சிறுபான்மைச் சமூகமாக அறிவித்த பின், சான்றிதழுக்காகப் பழைய ஆவணம் தேடி என்னிடம் வருவோர் சிலர் உண்டு. பெரும்பாலோர் பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிடுகின்றனர். தேதி, தெரு, தந்தை பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், முன்னும் பின்னும் சில ஆண்டுகளைத் தேடித் தருமாறு கேட்டுக் கட்டணம் செலுத்தலாம். பதிவு இல்லை என்ற விடை வந்தால் அதனையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அதற்கு முன் வீட்டிலுள்ள தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். வரி ரசீது, குடிநீர் இணைப்புச் சீட்டு, அம்மை குத்திய சான்று, வீடு கட்ட அனுமதி பெற்ற நீலநிற வரைபடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அலுவலகப் படி அழிந்திருந்தால் உங்களிடம் இருப்பதே மூலம். அவற்றை ஒளிப்படம் எடுத்து நம் அறக்கட்டளையில் சேர்த்தால், எழுத்தைப் படித்துத் தரும் பணியை மகிழ்ச்சியுடன் ஏற்பேன். ரசீதின் பின்புறத்தையும் மறவாமல் படம் எடுங்கள். என் பாட்டனார் 1931இல் வாங்கிய சிறு வீட்டின் வரி ரசீதுகள் பதினொன்று எங்களிடம் உள்ளன. அவற்றுள் ஒன்றின் பின்புறத்தில், ஊரிலிருந்து வண்டியில் வந்த நெல் மூன்று மூட்டை, கேழ்வரகு ஒரு மூட்டை, வண்டிக்கூலி இவ்வளவு என்று பென்சிலால் கணக்கெழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, தையற்காரர் வீட்டுக்கு அரை மூட்டை என்று ஒரு வரி இருக்கிறது.